கமலாப் பழமும் காப்பிப் பாகும்

பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களைச் சுற்றிலும், நிழல் மரங்களின் அடியில் காப்பிச் செடி வளர்கிற தோட்டங்களிலேயே கமலா ஆரஞ்சு மரங்களையும் ஊடுபயிராக வைத்து வளர்ப்பது நெடுநாளைய வழக்கம்; குடகு நாட்டிலும் அப்படியே. ஒரே மண்ணையும் ஒரே மழையையும் பங்கிட்டுக்கொண்டு வளரும் இவ்விரண்டில், ஒன்றின் விதையை வறுத்துப் பொடித்துக் குடிக்கிறோம். மற்றொன்றின் சுளையைத் தின்றுவிட்டுத் தோலைக் குப்பையில் எறிகிறோம். அவ்வாறு எறியப்படும் தோலில்தான் காப்பிக்கு மிகவும் இசைவான பரிமளம் அடங்கியிருக்கிறது என்பதையும், அந்தப் பரிமளத்தை வீட்டு அடுக்களையிலேயே சர்க்கரைப் பாகில் பிடித்து வைப்பதற்கு ஆதாரமான ரசாயன நியாயங்கள் எவை என்பதையும் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

காப்பியில் பழத்தின் மணத்தைச் சேர்ப்பது என்றதும், பாலும் டிகாக்ஷனும் கலந்ததையே காப்பி என்று அறிந்த நம்மவர்களுக்கு அது சிறிது விபரீதமாகத் தோன்றக்கூடும். ஆனால் காப்பிக்கொட்டையே செக்கச்செவேலென்று கனிகிற ஒரு பழத்தின் வித்துத்தான். அந்தப் பழத்தைச் சதை நீக்காமல் அப்படியே வெயிலில் உலர்த்தி எடுக்கும் எத்தியோப்பியக் காப்பி வகைகளில், வறுத்த பின்னரும் கனிந்த பழங்களின் வாசனை தெளிவாகத் தெரிவதை ருசி பார்ப்பவர்கள் யாவரும் ஒப்புக்கொள்கிறார்கள். போர்ச்சுகல் நாட்டில் குளிர்ந்த காப்பியோடு எலுமிச்சை சேர்த்து, மசக்ரான் என்று பெயரிட்டுப் பருகுகிறார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், இத்தாலியிலிருந்து குடியேறிய ரினால்டோ டோரே, எஸில்டா டோரே என்ற தம்பதிகள் 1925-ஆம் ஆண்டில், தங்கள் சொந்த நாட்டுப் பக்குவப்படி பழப்பாகுகள் செய்து விற்கத் தொடங்கினார்கள். முதலில் சோடாவில் கலந்து குடிப்பதற்கென்று ஏற்பட்ட அந்தப் பாகுகள், பல பத்தாண்டுகளுக்குப் பிறகே காப்பிக் கோப்பைக்குள் புகுந்து, இன்று உலகெங்கும் காப்பிக் கடைகளின் அலமாரிகளில் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் மணம் ஆலையில் சேர்க்கப்பட்டது. வீட்டில் செய்யும் பாகிலோ மணம் பழத்திலிருந்தே வர வேண்டியிருக்கிறது. அங்கேதான் சங்கடமும் சூட்சுமமும் ஆரம்பமாகின்றன.

சங்கடம் இதுதான். சர்க்கரை விரைவாகவும் மிகுதியாகவும் கரைவதற்கு உஷ்ணம் வேண்டும். பழத்தின் மணமோ உஷ்ணத்தைப் பொறுக்காது. பழத்தை நறுக்கிப் போட்டு, சர்க்கரையும் நீரும் சேர்த்து அரைமணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டும் வழக்கமான முறையில், சமைக்கிற வேளையில் வீடு முழுவதும் கமகமவென்று மணக்கும். அப்படி வீடு மணக்க மணக்க, பாத்திரத்தில் மணம் குறைந்துகொண்டே வருகிறது. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் மிகப் பெரும் பகுதியாக இருக்கும் லிமொனீன் என்ற வஸ்துவைத் தனியே எடுத்துக் காய்ச்சினால், அது கொதிப்பதற்கு ஏறக்குறைய 176 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் தேவை. அப்படியானால் 100 டிகிரியில் கொதிக்கும் நீரில் அது பத்திரமாக இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நீரோடு கலவாத ஓர் எண்ணெயையும் நீரையும் ஒன்றாகக் காய்ச்சும்போது, ஒவ்வொன்றும் தன் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே செலுத்துகிறது. இரண்டின் கூட்டழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியவுடனே, நூறு டிகிரிக்குச் சற்றுக் கீழேயே, இரண்டும் சேர்ந்து கொதித்து ஆவியாகிவிடுகின்றன. ரோஜாவிலிருந்து பன்னீர் வடிப்பவர்களும், தைல மரத்தின் இலையிலிருந்து நீலகிரித் தைலம் இறக்குபவர்களும் வேண்டுமென்றே கைக்கொள்ளும் இந்த உபாயம், பாகு காய்ச்சுகிறவர்களுக்கு அவர்கள் அறியாமலே நஷ்டத்தை உண்டாக்குகிறது. ஆகையால் சர்க்கரைக்கு உரியதைச் சர்க்கரைக்கும், மணத்துக்கு உரியதை மணத்துக்கும் தனித்தனியே செய்து, கடைசியில் இரண்டையும் கூட்டுவதே அறிவுடைமை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கமலாப் பழத்தின் தோலை விளக்குச் சுடருக்கு அருகில் மடித்து அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் தெறித்துச் சுடரில் பொறி பறக்கும். சிறுவர்கள் விளையாட்டாகச் செய்யும் இந்தக் காரியமே தோலின் அமைப்பை நன்கு விளக்குகிறது. தோலின் ஆரஞ்சு நிறமான மேற்படலத்தில், வெறுங்கண்ணுக்குப் புள்ளிகளாகத் தெரியும் சிறு பைகள் இருக்கின்றன. அவற்றுள்தான் மணமுள்ள எண்ணெய் நிறைந்திருக்கிறது. அதற்குக் கீழே உள்ள வெண்மையான பஞ்சுப் பகுதியில் மணம் இல்லை; கசப்பு உண்டு. எண்ணெயில் லிமொனீனே மிகுதியாக இருந்தாலும், கமலாவைச் சாத்துக்குடியிலிருந்தும் எலுமிச்சையிலிருந்தும் வேறுபடுத்திக் காட்டுவது அதுவன்று; மெத்தில் என்-மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பெயருள்ள, மிகமிகச் சொற்பமாகவே காணப்படும் ஒரு சேர்க்கைப் பொருள் அந்தக் கனத்த, திராட்சையை ஒருவாறு ஒத்த வாசனைக்கு முக்கியக் காரணமாகிறது. காப்பியின் பக்கத்தில் பார்த்தாலும் இதே விந்தைதான். வறுத்த கொட்டையில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆவியாகும் பொருள்கள் இனங்காணப்பட்டிருக்கின்றன. ஆயினும், முகர்ந்தவுடன் ‘இது காப்பி’ என்று நம்மைச் சொல்ல வைப்பதில் பெரும்பங்கு, கந்தகம் கலந்த ஃபுர்ஃபுரைல்தையால் என்ற ஒரு பொருளுக்கு உண்டு. 1920-களில் அதைக் காப்பியில் கண்டறிந்த ஷ்டௌடிங்கர், ரைக்ஷ்டைன் ஆகிய இருவரும் பிற்காலத்தில், வேறு ஆராய்ச்சிகளுக்காக, நோபல் பரிசு பெற்றார்கள். லினலூல் என்ற மலர்மணம் உள்ள பொருளோ ஆரஞ்சுத் தோலிலும் இருக்கிறது, அராபிகா காப்பியிலும் இருக்கிறது. இவ்விரண்டு மணங்களும் நாவிலும் நாசியிலும் சண்டையிடாமல் இசைந்து நிற்பதற்கு இத்தகைய பொது உறவும் ஒரு காரணமாக இருக்கலாமென்று நான் நினைக்கிறேன்.

இனி, தோலிலிருந்து அந்த எண்ணெயை எடுக்கும் முறையைச் சொல்கிறேன். கடையில் வாங்கும் பழங்களின்மேல் சில சமயம் மெழுகு பூசியிருப்பார்கள்; ஆதலால் பழத்தை வெதுவெதுப்பான நீரில் நன்கு தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். பின்பு தோலை உரித்து, உட்புறத்து வெள்ளையைக் கரண்டி விளிம்பால் வழித்தெடுத்துவிட்டு, மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, நான்கைந்து பழங்களின் தோலுக்கு 180 கிராம் வெள்ளைச் சர்க்கரை என்ற கணக்கில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்த்து, விரல்களாலோ மரக்கரண்டியாலோ அழுத்திப் பிசைய வேண்டும். சர்க்கரைப் படிகங்களின் கூரிய முனைகள் எண்ணெய்ப் பைகளைக் கிழிக்கின்றன. அதே சமயத்தில், தோலின் உயிரணுக்களுக்குள் இருக்கும் நீரை வெளியே உள்ள சர்க்கரை தன்பால் இழுக்கிறது. மாவடுவின்மேல் உப்பைக் கொட்டி வைத்தால், மறுநாள் வடு சுருங்கி ஜாடியில் நீர் ஊறியிருப்பதைப் போன்றதே இது. சவ்வூடு பரவல் என்று விஞ்ஞானிகள் கூறுவதும் இதையே. மூடி வைத்து ஓர் இரவு கழிந்த பிறகு பார்த்தால், சர்க்கரை நனைந்து, பொன்னிறமாகி, அடியில் தேன்போன்ற திரவம் திரண்டிருக்கும். எண்ணெய் தானாக நீரில் கரையும் சுபாவம் உடையதன்று. ஆனால் சர்க்கரைத் துகள்களின் பரப்பில் படிந்தும், தோலிலிருந்து கசியும் பெக்டின் முதலிய பிசின் போன்ற பொருள்களால் நுண்துளிகளாகத் தாங்கப்பட்டும் அது பாகோடு நின்றுவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் தங்கள் விருந்துப் பானங்களுக்கு எலுமிச்சைத் தோலைச் சர்க்கரையில் தேய்த்து மணமேற்றியது இதே தத்துவத்தைக் கொண்டுதான்.

மறுநாள் இதில் 100 மில்லி வெந்நீர் ஊற்ற வேண்டும். கொதிக்கும் நீர் கூடாது. கை பொறுக்கும் சூட்டைக் காட்டிலும் சற்று அதிகமாக, 60 டிகிரி அளவில் இருந்தால் போதும். சர்க்கரை முழுவதும் கரையும் வரையில் பொறுமையாகக் கிளறி, மெல்லிய துணியில் வடிகட்டினால் பாகு தயார். 180 கிராம் என்ற அளவை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், சர்க்கரை எவ்வளவு கரையும் என்பது நீரின் உஷ்ணத்தைப் பொறுத்தது. 20 டிகிரியில் 100 கிராம் நீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைத் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் அதன் தாங்கும் சக்தி சுமார் 180 கிராமாகக் குறைந்துவிடும். ‘ஒன்றுக்கு இரண்டு’ என்று பலரும் சொல்லும் கணக்குப்படி செய்த பாகு, பெட்டிக்குள் வைத்த சில நாட்களில் அடியில் கற்கண்டு பூத்துவிடுவதற்கு இதுவே காரணம்.

சரி, இவ்வளவு சர்க்கரை எதற்கு, பாதிக்குப் பாதி போட்டால் போதாதா என்று சிக்கனமாக எண்ணுபவர்கள் உண்டு. இனிப்புக்கு அது போதும், காப்புக்குப் போதாது. கிருமிகளுக்கு நீர் இருந்தால் மட்டும் போதாது, அந்த நீர் அவை உறிஞ்சிக்கொள்ளக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். பாகில் உள்ள நீர் மூலக்கூறுகள் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைபட்டுக் கிடப்பதால், நீர் இருந்தும் கிருமிகளுக்கு அது வறட்சியே. நீர் இப்படிக் கிடைக்கும் தன்மையைக் குறிக்கும் செயலளவு தூய நீரில் 1 என்று வைத்துக்கொண்டால், சரிபாதிச் சர்க்கரையுள்ள பாகில் அது 0.94 அளவிலும், நூற்றுக்கு 65-க்கு மேல் சர்க்கரையுள்ள பாகில் 0.86 அளவிலும் இருக்கிறது. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91-க்குக் கீழே பெருக மாட்டா. ஆகையால் முதற்பாகு ஒரு வாரத்துக்கே பயப்பட வேண்டியதாகவும், இரண்டாவது பல வாரங்களுக்கு ஸ்திரமானதாகவும் ஆகின்றன. இந்திய அரசாங்கம் 1955-இல் பிறப்பித்த பழப்பொருள் ஆணை, பழச் சர்பத்து என்று விற்கப்படுவதில் கரைந்த திடப்பொருள் நூற்றுக்கு 65-க்கும், பழச்சாறு நூற்றுக்கு 25-க்கும் குறையலாகாது என்று விதித்ததில் முதல் எண்ணுக்கு இந்த நியாயம் முழுவதும் பொருந்தும். நான் சொல்லும் பாகிலும், சிந்தாமல் அளந்து செய்தால், சர்க்கரை ஏறக்குறைய அந்த அளவிலேயே நிற்கும்.

காய்ச்சியே பாகு செய்வேன் என்பவர்கள், தோலைச் சேர்க்காமல் சர்க்கரையையும் நீரையும் மட்டும் முதலில் காய்ச்சிக்கொண்டு, ஆறிய பிறகு தோலை ஊறவைக்கலாம். நம் வீடுகளில் விரலிடையில் தொட்டுப் பார்த்து ஒற்றைக் கம்பிப் பதம், இரட்டைக் கம்பிப் பதம் என்று கணிப்பது, உண்மையில் பாகில் எஞ்சியிருக்கும் நீரின் விகிதத்தைக் கணிப்பதேயாகும். நமக்கு வேண்டிய பாகு, கம்பி விழத் தொடங்குவதற்குச் சற்று முந்தைய பிசுபிசுப்பில், 104 டிகிரி அளவில் கொதிக்கும். ஆனால் இந்த எண்ணைக் கடற்கரை ஊருக்கே உரியதாகக் கொள்ள வேண்டும். 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் வெறும் நீரே 93 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே 104 டிகிரி வரையில் காத்திருந்தால் பாகு முறுகிக் கற்கண்டாகிவிடும். ஆகவே, அந்தந்த ஊரில் நீர் கொதிக்கும் அளவுக்கு மேல் நான்கு டிகிரி என்று கணக்கிடுவதே எவ்விடத்துக்கும் பொருந்தும் விதி.

ஜாங்கிரிக்குப் பாகு வைக்கும் பக்குவக்காரர்கள் அதில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். பாகு பூத்துப் போகாமல் இருக்க என்று அவர்கள் சொல்வது முழுதும் சரியே. சுக்ரோஸ் என்ற சர்க்கரை, குளுக்கோஸ், பிரக்டோஸ் என்ற இரண்டு சிறு சர்க்கரைகளின் சேர்க்கை. அமிலமும் சூடும் கூடினால் அந்தப் பிணைப்பு அறுந்து இரண்டும் பிரிகின்றன. பிரிந்தவை, எஞ்சிய சுக்ரோஸ் மூலக்கூறுகள் வரிசை கூடிப் படிகமாவதைக் குறுக்கே நின்று தடுக்கின்றன. இந்த மாற்றத்தைப் பிரான்சு தேசத்து விஞ்ஞானி பியோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒளியைக் கொண்டு கண்டறிந்தார்: சர்க்கரைக் கரைசல் தளவாக்கப்பட்ட ஒளியை வலப்புறம் திருப்புகிறது, அமிலத்தால் சிதைந்த கரைசலோ இடப்புறம் திருப்புகிறது. நம் காப்பிக்கு இதனால் வேறொரு பிரயோஜனமும் உண்டு. பிரக்டோஸ் குளிர்ந்த நிலையில் இனிப்பு மிகும் தன்மையுடையது. சூடேறினால் அதன் இனிப்புக் குறைகிறது. எனவே பனிக்கட்டி போட்ட காப்பிக்கு, சிறிது எலுமிச்சை சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த பாகில் தோலை ஊறவைப்பது, இனிப்பு, தெளிவு இரண்டுக்குமே அனுகூலம். குளிர்ந்த காப்பியில் வெறும் சர்க்கரையைப் போட்டு எவ்வளவு கலக்கினாலும் அடியில் மணல்போல் தங்கிவிடும் தொல்லையும் பாகினால் தீர்கிறது.

பால் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் காப்பியைப் பற்றி எழுதுகிறவர் இதைத் தவிர்க்க முடியாது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம், நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு, ஒவ்வோர் உருண்டையும் எதிர்மின்னேற்றம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கிறது. அமிலம் சேரச்சேர அந்த மின்னேற்றம் தணிந்து, பி.எச். அளவு 4.6-ஐ நெருங்கும்போது உருண்டைகள் ஒட்டிக்கொண்டு பால் திரிந்துவிடுகிறது. பால் சூடாக இருந்தால் அவ்வளவு கீழே இறங்குவதற்கு முன்னரே திரியும். நல்ல பாலின் அளவு 6.6 முதல் 6.7 வரையிலும், டிகாக்ஷனின் அளவு ஏறக்குறைய 5-ஆகவும் இருப்பதால், பாலில் உள்ள பாஸ்பேட்டு உப்புகளின் உதவியால் சாதாரணக் காப்பி தாக்குப்பிடித்துக்கொள்கிறது. பழச்சாற்றின் சிட்ரிக் அமிலம் அதில் சேரும்போது, பால் புதிதாகவும் சாறு சொற்பமாகவும் இருந்தால் பிழைக்கும். காலையில் கறந்து மாலை வரையில் வைத்த பாலாக இருந்தால் கோப்பையிலேயே பன்னீராகிவிடும். பன்னீர் என்று இங்கே நான் சொல்வது பால்கட்டியை. பழப்பாகு சேர்த்த பால் காப்பியை விரும்பி முயன்று கைவிட்டவர்கள் பலரும் இடறியது இந்த இடத்தில்தான். தோல் பாகில் சாறு இல்லை, ஆகையால் அமிலமும் அநேகமாக இல்லை; மணம் மட்டுமே உண்டு. பால் காப்பிக்குத் தோலையே நாட வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுவே.

பால் இல்லாத காப்பிக்கு இந்தத் தடை கிடையாது. அதற்குச் சாற்றையும் சேர்க்கலாம். சேர்ப்பதே சிறப்பு என்றும் சொல்வேன். தோல் ஊறிய சர்க்கரையில் நீருக்குப் பதிலாக 100 மில்லி சாற்றை ஊற்றிக் கரைக்க வேண்டியதுதான். சாற்றிலேயே நூற்றுக்குப் பத்து அளவில் சர்க்கரை இருப்பதால், முதலில் போடும் சர்க்கரையை 160 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். சாறு பிழியும்போது கொட்டையை நசுக்கலாகாது. ஆரஞ்சு வகைகளின் கொட்டையிலும் சுளையின் மெல்லிய சவ்விலும் கசப்பற்ற ஒரு பொருள் இருக்கிறது. பழம் முழுதாக இருக்கும் வரையில் அது அமிலத்தோடு சேராமல் ஒதுங்கியிருக்கும். பிழிந்தவுடன் இரண்டும் கலந்து, சில மணி நேரத்தில், சூடேற்றினால் இன்னும் சீக்கிரத்தில், லிமொனின் என்ற கடுங்கசப்பாக மாறுகிறது. பிழிந்தபோது தித்தித்த சாறு மாலையில் கசப்பதன் மர்மம் இதுதான். பெயரொற்றுமையால் இந்த லிமொனினை மணப்பொருளாகிய லிமொனீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிழிந்த சாற்றை உடனே வடிகட்டிச் சர்க்கரையில் சேர்த்துவிடுவதே பாதுகாப்பு.

மற்றப் பழங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மாதுளையின் நிறம் அமிலத்தில் மட்டுமே சிவப்பாக நிற்பது. பாலில் கலந்தால் மங்கி ஊதாவும் சாம்பலுமாகிப் பார்வைக்கே ருசிக்காது. ஸ்ட்ராபெரியைக் காய்ச்சினால் நிறமும் மணமும் ஒருங்கே கெடும். நறுக்கிச் சர்க்கரையில் புதைத்துக் குளிர்ச்சியில் ஊறவைத்தால் இரண்டும் பிழைக்கும். கொய்யாவில் பெக்டின் மிகுதி. சர்க்கரை, அமிலம், சூடு மூன்றும் கூடினால் பாகாக நில்லாமல் கூழாக உறைந்துவிடும். பலாப்பழத்தின் மணம் மிக எளிதில் ஆவியாகும் எஸ்டர்களால் ஆனது. அதைக் காப்பியோடு சேர்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், ஏனென்றால் அது வேறெந்த மணத்தையும் அருகில் நிற்க விடுவதில்லை.

கலக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். சிக்கரி சேராத தூளில் கெட்டியாக இறக்கிய டிகாக்ஷன் 40 மில்லி, பாகு 15 மில்லி, குளிர்ந்த நீர் 100 மில்லி, பனிக்கட்டி சில துண்டுகள் என்பது எனக்குப் பிடித்த அளவு. சிக்கரியின் கருகலான இனிப்பு ஆரஞ்சின் மென்மையை அடியோடு மூடிவிடுகிறது. இனிப்பும் லேசான புளிப்பும் கசப்பைத் தணிக்கும் ஆற்றல் உடையவை என்பதால், கறுப்புக் காப்பியைக் கண்டு முகம் சுளிப்பவர்கள்கூட இதைத் தயங்காமல் பருகுவார்கள். பால் காப்பியானால் தோல் பாகை முதலில் டிகாக்ஷனில் விட்டுக் கலந்து, பிறகே பாலை ஊற்ற வேண்டும். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

பாகை, பத்து நிமிஷம் கொதிநீரில் இட்டு எடுத்து உலர்த்திய சிறு கண்ணாடிப் புட்டிகளில் கழுத்து வரையில் நிரப்பி, குளிரிலும் இருட்டிலும் வைக்க வேண்டும். பெரிய புட்டி ஒன்றைவிடச் சிறியவை பல நல்லவை. ஏனெனில் லிமொனீன் காற்றும் வெளிச்சமும் பட்டால் பிராணவாயுவோடு கூடி, டர்ப்பென்டைன் போன்ற நெடியுள்ள பொருள்களாக மாறிவிடும். மேலே எண்ணெய் வளையமாகத் திரண்டால் குலுக்கிக்கொள்ளலாம், அதில் தோஷமில்லை. தோல் பாகு ஒரு மாதமும், சாறு சேர்த்தது இரண்டு வாரமும் மணம் குன்றாமல் இருக்கும். சர்க்கரை மிகுந்த இடத்திலும் வாழப் பழகிய ஈஸ்ட் வகைகள் சில உண்டு. மூடியைத் திறக்கையில் ‘புஸ்’ என்று வாயு வெளிப்பட்டாலோ, கள்ளின் வாடை வீசினாலோ, அந்தப் புட்டியை அப்படியே கொட்டிவிட வேண்டும். வடிகட்டியபின் எஞ்சும் தோல் கீற்றுகளை நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால், டிகாக்ஷன் இறக்கும்போது தூளின்மேல் இரண்டு கீற்றை வைத்து வெந்நீர் ஊற்றலாம். தோலில் மீந்திருக்கும் எண்ணெய்க்கு அந்தச் சூடு போதும்.